மாத்திரைக்கு லீவு நாள்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை வாரம் முழுக்க வந்துகொண்டிருக்கும். கரண்டு பற்றாமல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கிழமையை வார விடுமுறையாகப் பிரித்துக் கொடுத்திருந்த காலம் அது. எண்பத்தேழோ எண்பத்தெட்டோ. எதிர்வீட்டு பாஸ்கலுக்குப் புதன்கிழமை லீவு. கோடி வீட்டுக்காரருக்குத் திங்கள். என் வீட்டுக்கு அடுத்த வீட்டு வேம்புலிக்கு வெள்ளி. யார் வீட்டில் கறி வாசனை வருகிறதோ அவர்கள் வீட்டில் அன்றைக்கு ஞாயிறு என்று நான் கணக்கு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கவுச்சி கூடாது என்று வேம்புலியின் பெண்சாதி நாகம்மாள் வியாழக்கிழமையே குழம்பு வைத்துவிடுவாள். அவர்கள் ஞாயிறு மட்டும் ஒரு நாள் முன்னதாக மணக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாகம்மாளின் இருதயத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் வாரத்தில் லீவு உண்டு. அது யாருடைய லீவு என்று தெரியாமல்தான் அவள் சாகக் கிடந்தாள்.

வேம்புலி போல்ட்டு நட்டு செய்கிற கம்பெனியில் கிரைண்டிங் பிரிவில் இருந்தான். எழுதி ஒட்டியிருப்பதை எல்லாம் நம்புகிறவன். சுவரில் 'இங்கே நிற்காதே' என்று கண்டால் அங்கே நிற்காமல் இருக்கிற ஒரே மனுஷனை நான் அவனிடத்தில்தான் பார்த்தேன். நாகம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் செம்பரம்பாக்கம் பக்கம் செங்கல் சூளையில் கல் எண்ணி அடுக்கியவள். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இருதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான்கு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்படி ஒரு நாள் குழாயடியில் உட்கார்ந்தவளைத்தான் மேற்கு வட்டாரத் தொழிலாளர் கூட்டு நல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சேர்த்தோம் என்றால், நானும் போனேன். வீட்டில் வேலை இல்லாமல் இல்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போதுதான் 'ஐந்து சரிகள்' வந்திருந்தன. சரியான ஆளுக்கு, சரியான மருந்தை, சரியான அளவில், சரியான வழியில், சரியான நேரத்தில் கொடுக்க வேண்டும். நல்ல விஷயம்தான். அந்த வார்டில் ஜெயசீலி என்று ஒரு சிஸ்டர், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர், பதினெட்டு வருஷமாக இந்த ஐந்தையும் மருந்து வண்டியிலிருந்து கட்டிலுக்கு நடக்கிற தூரத்தில் மனசுக்குள்ளேயே பார்த்துவிடுவார். மருந்துச் சீட்டைப் பார்ப்பார், புட்டியைப் பார்ப்பார், மூஞ்சியைப் பார்ப்பார், பேர் கேட்பார், கொடுத்துவிடுவார். அவர் பார்த்தது வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்பதுதான் நிர்வாகத்துக்கு இருந்த குறை.

ஆகவே ஒவ்வொரு சரிக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு ஆள் போட்டார்கள். 'சரியான ஆள்' நோட்டில் ஒரு சிக்கல் வந்தது. நாகம்மாள் தன்னை நாகம்மாள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள முடியாதாம். நோயாளி சம்பந்தப்பட்ட கட்சியாயிற்றே. வெளி ஆள் சாட்சி சொல்ல வேண்டும். காலை ஷிப்டை விட்டுவிட்டு எந்தப் புருஷன் வருவான்? கடைசியில் கேட்டு வாச்மேன் கோதண்டத்தை மேலே கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

"இவர் நாகம்மாள்தானா?"

"அதே அம்மாதான் சார். நேத்து இருந்த அதே மூஞ்சி."

இப்படி நாற்பது கட்டிலுக்கும் கோதண்டம் சாட்சி. கேட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் வார்டுக்குள் ஆடு வந்தது. ஆட்டுக்குச் சாட்சி சொல்ல அவனை யாரும் கேட்கவில்லை. எட்டு மணி மாத்திரை பதினொன்றரைக்கு வந்தது. 'சரியான நேரம்' நோட்டில் எட்டு என்று ஏற்கெனவே அச்சடித்திருந்ததால் அதில் தப்பு எதுவும் வரவில்லை.

பதினோராம் நாள் நாகம்மாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார். ஆனால் 'போதனை' முடிந்தால்தான் அனுப்புவார்கள். மாத்திரையை வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுக்கொடுப்பதற்குப் பேர் போதனை. முன்பெல்லாம் ஜெயசீலி கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிடுவார். அதை நிறுத்திவிட்டார்கள். மருந்து கொடுக்கிறவர் மருந்தைப் பற்றிப் பேசக் கூடாது, பேசுவதற்குத் தனிப் பிரிவு உண்டு என்று ஒரு சுற்றறிக்கை, வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. வேம்புலி அதை இரண்டு தடவை படித்தான்.

போதனைப் பிரிவின் அலுவலர் அய்யாசாமி. அதற்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் மேஜை நாற்காலி வாங்குகிற பிரிவில் இருந்தவர். கீழ்த்தளத்து ஹாலில் இருபது குடும்பங்களை உட்கார வைத்து, குச்சியை வைத்துக்கொண்டு பேசினார். நோயாளிகளை வார்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நோயாளிகள் இருமுவார்களாம்.

"மருந்து கொடுப்பது சுலபம்," என்றார் அய்யாசாமி. "யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். கொடுத்தோம் என்று காட்டுவதுதான் கஷ்டம். நோயாளி குணமானால் அந்தப் பேர் டாக்டருக்குப் போகும். நோயாளி கற்றுக்கொண்டால் நமக்கு வரும். கற்றுக்கொண்டார் என்பதற்கு அத்தாட்சி என்ன? கையெழுத்து. சென்ற ஆண்டு இந்த ஹாலில் இரண்டாயிரத்து நூறு பேர் கற்றுக்கொண்டார்கள். அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் வேறு பிரிவில் கிடைக்கும்."

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். வேம்புலியின் படிவத்தில், 'வாரத்தில் தினம் ஒரு மாத்திரை. விடுமுறை நாட்களில் மாத்திரை தவிர்க்கப்பட வேண்டும்' என்று இருந்தது. டாக்டர் சீட்டில் சனி, ஞாயிறு வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாராம். கிழமை பேரையெல்லாம் படிவத்தில் போடுவது கௌரவமாக இல்லை என்று மொழி நடைக் குழு மாற்றிவிட்டது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வேம்புலி கையைத் தூக்கினான். "சார், மாத்திரைக்கு எதுக்கு சார் லீவு?"

பக்கத்தில் இருந்தவர் அவன் கையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். "கம்முனு கெட, நைனா. கேள்வி கேட்டா புரியலன்னு எழுதிடுவாங்கோ. நானு ஒரு கேள்வி கேட்டுட்டு மூணு நாளா இந்த ஹாலுக்கு வந்துகினு கீறேன்."

வேம்புலி கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தைச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினான். லீவு நாள் என்றால் எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான், ஆம்பிளை வேலைக்குப் போகாத நாள். வெள்ளிக்கிழமை மாத்திரை கிடையாது. மற்ற ஆறு நாளும் காலையில் தானே எடுத்து அவள் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பான். அவளுக்கு அடிக்கடி குமட்டியது. படிவத்தில் குமட்டலைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் நடந்தாள், தண்ணீர் எடுத்தாள், என்னோடு சண்டை போட்டாள். அது வரைக்கும் பரவாயில்லை.

மூன்றாவது மாதம் கம்பெனி கதவை மூடிவிட்டார்கள்.

போனஸ் தகராறு. கேட்டில் ஒரு பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ், நோட்டீஸுக்கு எதிரே ஒரு சாமியானா. வேம்புலி தினமும் போய் சாமியானாவில் உட்கார்ந்துவிட்டு வந்தான். வேலைக்குப் போகாத நாள் என்பதால் மாத்திரை கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவனுக்குச் சந்தேகம் வந்தது. இது லீவா, இல்லையா? லீவு என்றால் மாத்திரை கூடாது. லீவு இல்லை என்றால் நாலு மாத்திரை தப்பிவிட்டது. அவன் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிற ஆள் இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு அய்யாசாமியிடம் போனான். நானும் கூடப் போனேன்.

அய்யாசாமி படிவத்தைப் பின்பக்கம் கூடத் திருப்பிப் பார்த்தார். "கதவடைப்பு விடுமுறையா என்பது மருத்துவம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே. உங்கள் நிர்வாகத்திடமிருந்து ஒரு சான்று வாங்கி வாருங்கள். பிறகு பார்க்கலாம்."

"அது வரைக்கும் மாத்திர குடுக்கறதா வாணாமா சார்?"

"முடிவு தெரியாத விஷயத்தில் நாங்கள் எதுவும் சொல்வதில்லை. நிலுவையில் வையுங்கள்."

"மாத்திரையவா சார்?"

"எல்லாவற்றையும்தான்."

கம்பெனி மானேஜர் கேட்டுக்கு உள்ளே இருந்தே பேசினார். இது கதவடைப்பே இல்லை, நீங்கள் செய்கிற வேலைநிறுத்தம், லீவு என்று நான் எப்படி எழுதித் தருவது என்றார். வேம்புலி சாமியானாவுக்கு வந்து சங்கத்துச் செயலாளர் ஆனந்தனிடம் கேட்டான். ஆனந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மாமே, வெளையாடறியா? லீவுன்னு ஒரு பேப்பர் நீ வாங்கினின்னு வெச்சிக்க, கேஸே பூடும். நானூறு பேரு ஊட்ல அடுப்பு எரியாது. இது லீவு இல்ல. எயுதி வெச்சிக்க, லீவு இல்ல!"

"அப்ப மாத்திர குடுக்கலாமா அண்ணாத்தே?"

"இன்னா மாத்திர?"

வேம்புலி சொன்னான். ஆனந்தன் கையை உதறினான். "அது டாக்டரு மேட்டரு. என்ன கேக்காத. ஆனா லீவுன்னு மட்டும் எங்கியும் கையெயுத்து போட்றாத."

மாத்திரை தொழில் தகராறில் மாட்டிக்கொண்டது. சமரசப் பேச்சு மூன்று சுற்று நடந்தது. ஒரு சுற்றிலும் நாகம்மாளைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அலமாரியில் மாத்திரை டப்பா இருந்தது. வேம்புலி தினமும் காலையில் அதைத் திறந்து, பார்த்து, மூடி வைத்தான்.

பத்தாம் நாள் அவள் கொலுசு ஏறவில்லை. பதினைந்தாம் நாள் கால் தூண் மாதிரி இருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நானும் அமுக்கிப் பார்த்தேன். அதற்கப்புறம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"எத்தயாவது ஒண்ண குட்துட்றது தான?" என்றாள் அவனிடம்.

"சான்று வரட்டும்."

அவள் அவனைத் திட்டக்கூட இல்லை. திட்ட மூச்சு வேண்டுமே.

இருபத்தாறாம் நாள் உதடு நீலமாகிவிட்டது. பாஸ்கல் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கோதண்டத்தைத் தேடினோம். அவன் மாடியில் நாற்பது பேருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் யார் என்று உறுதியாகாமல் மருந்து ஏற்றக் கூடாது என்று நோட்டுக்காரர் எழுந்து நின்றார். ஜெயசீலி அவரைத் தள்ளவில்லை, திட்டவில்லை. அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி நாகம்மாளின் முதுகுக்குப் பின்னால் சாய்மானமாக வைத்துவிட்டு ஊசிக்கு நரம்பைத் தேட ஆரம்பித்தார். டாக்டர் ஓடி வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நாகம்மாள் தண்ணீர் கேட்டாள்.

நாலு நாள் கழித்து, மூச்சு சீரான பிறகு, ஜெயசீலி அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். வேம்புலி எழுந்து நின்றான்.

"எத்தன நாளா மாத்திர இல்ல?"

வேம்புலி எல்லாவற்றையும் சொன்னான். பூட்டு, நோட்டீஸ், சான்று, நிலுவை. சிஸ்டர் சுவரில் இருந்த சுற்றறிக்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அப்டி உக்காருங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு நாகம்மாள் பக்கம் திரும்பினார். "நீ கேளும்மா. மாத்திர சாப்புட்றது நீ. சனிக்கெழமயும் ஞாயித்துக்கெழமயும் வேணாம். உங்க ஊட்டுக்காரரு லீவும் இல்ல, சர்க்காரு லீவும் இல்ல. இந்த மருந்து ஒடம்ப வுட்டு சீக்கிரம் போவாது, சேந்துகினே இருக்கும். சேந்தா வெஷம். அதுக்குத்தான் ரெண்டு நாள் விட்றது. மத்த அஞ்சு நாளும் வுடவே கூடாது. காலைல மாத்திரைக்கு முன்னாடி கைநாடிய புடிச்சி ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். அறுபதுக்குக் கீழ போச்சின்னா அன்னிக்குப் போடாம இங்க வந்துடு. சோறு புடிக்கல, வாந்தி வருது, பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுதுன்னாலும் வந்துடு. எண்ணத் தெரியுமா?"

"சூளையில ஆயிரம் ஆயிரமா கல்லு எண்ணினவள கேக்கறியேம்மா."

"அப்ப நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லு."

நாகம்மாள் சொன்னாள். வாந்தியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். சிஸ்டர் மறுபடியும் சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை எல்லாம் சொன்னாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து எங்கே அடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். மொத்தம் ஆறு நிமிஷம் இருக்கும். குச்சி இல்லை, படிவம் இல்லை.

பக்கத்துக் கட்டில்காரர் போய்ச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை.

விசாரணை வைத்தார்கள். அனுமதியில்லாமல் போதித்ததாக ஜெயசீலி மேல் குற்றம். அய்யாசாமி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேம்புலியைக் கேட்டார்.

"சிஸ்டர் உங்கள் மனைவிக்கு ஏதாவது கற்றுக்கொடுத்தாரா?"

வேம்புலி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. "இல்ல சார்."

"மணிக்கட்டைப் பிடித்ததாகச் சொல்கிறார்களே?"

"புடிச்சாங்க சார். ஆறுதலுக்கு."

"ஆறுதல் சொல்ல எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் உத்தரவு இல்லை," என்று அய்யாசாமி எழுதிக்கொண்டார். நாகம்மாளை யாரும் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டரைப் பின்கட்டில் துணி எண்ணுகிற அறைக்கு மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி தன் தப்பையும் திருத்திக்கொண்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'விடுமுறை நாள் என்பது மருத்துவமனை அலுவலகத்தின் விடுமுறை நாள்' என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பின்னால் ஒரு பட்டியலும் ஒட்டினார்கள். ஆயுத பூஜைக்கு மாத்திரை கிடையாது, கிறிஸ்துமஸுக்குக் கிடையாது, பொங்கலுக்கு மூன்று நாள் கிடையாது. மீண்டும் படுக்கையில் விழுந்த குடும்பம் என்பதால் வேம்புலிக்கு மட்டும் வீட்டுக்கே வந்து சோதிப்பார்கள் என்றும் முடிவானது. வேம்புலி திரும்ப ஹாலில் உட்கார்ந்தான், திரும்பக் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை படிவத்தை ஆணியில் மாட்டவில்லை. நாகம்மாள் அதை அரிசி டின்னுக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அய்யாசாமி வந்தார். கம்பெனி இன்னும் திறக்காததால் வேம்புலி வீட்டில்தான் இருந்தான். ஆபீசுக்குச் சனிக்கிழமை லீவுதான். ஆனால் முந்தின மாதம் மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் வேலை நாளாக அறிவித்திருந்தார்களாம். நான் முறத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாரா?"

"இன்னிக்கு சனிக்கெழம சார்," என்றான் வேம்புலி.

"வேலை நாள்."

"சனிக்கெழம சார்."

"அறிவிக்கப்பட்ட வேலை நாள். சாப்பிடச் சொல்லுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒத்துழைக்காத நோயாளி என்று வரும். மருந்துச் சீட்டு ரத்தாகும். அப்புறம் திங்கட்கிழமையும் மாத்திரை இருக்காது."

நாகம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். சனிக்கிழமையானாலும் அவள் காலையில் எண்ணாமல் விடுவதில்லை. அன்றைக்குக் காலையில் எண்ணியபோது நானும் இருந்தேன். ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு என்றதும் மறுபடி எண்ணினாள். அதே ஐம்பத்தாறு.

வேம்புலி அவளைப் பார்த்தான், அய்யாசாமியைப் பார்த்தான், அரிசி டின்னைப் பார்த்தான்.

"குடு," என்றாள் நாகம்மாள்.

அவன் டப்பாவை நீட்டவில்லை. அவளே எடுத்தாள். ஒரு மாத்திரையை வாயில் போட்டாள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். கழுத்து ஏறி இறங்கியது. அய்யாசாமிக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து காட்டப் போனாள்.

"வேண்டாம், வேண்டாம்," என்றார் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வாயைப் பார்ப்பது டாக்டர் வேலை."

மைப் பெட்டியை நீட்டினார். நாகம்மாள் கட்டை விரலை வைத்தாள். அவர் நின்றபடியே எழுதி, ஊதிக் காயவைத்து, எங்களுக்குப் படித்தும் காட்டினார். 'நோயாளி முழுமையாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.'

அவர் தெருக்கோடி தாண்டும் வரை நாகம்மாள் உதட்டைத் திறக்கவில்லை. அப்புறம் சாக்கடை ஓரமாகப் போய்க் கன்னத்தில் அடக்கியிருந்ததைத் துப்பினாள். மூன்று தடவை வாய் கொப்பளித்தாள்.

"கசக்குது," என்றாள்.

வேம்புலி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சட்டய போட்டுகினு கெளம்பு. அறுபதுக்குக் கீழ கீது."

"ஆஸ்பத்திரிக்கா? இப்பதான் அந்தாளு போறாரு."

"பின் கேட்டால போவலாம். துணி ரூமாண்ட."